மழை எங்கே பெய்கிறது?



ஏப்ரல் மாதத்துப் பிற்பகல் ஒன்று. பதுளைக்கு அப்பால், தோட்டமொன்றின் அடியில் ஓடும் ஓயாவில் எங்கள் மத்ரஸா மாணவர்கள் ஐந்தாறு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் கரையில் நின்றேன். தலைக்கு மேல் நல்ல வெயில், தண்ணீர் முழங்காலளவுதான். சற்று மேலே துணி துவைத்துக்கொண்டிருந்த தோட்டத்து அம்மா ஒருவர் திடீரென்று துணிகளை வாரிச் சுருட்டிக்கொண்டு, "டேய் பிள்ளைகளா, மேல ஏறுங்க! தண்ணி நெறம் மாறுது!" என்று சத்தமிட்டார். பார்த்தால், தெளிந்திருந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. கடைசிப் பிள்ளை கரையேறிச் சற்று நேரத்தில், சவர்க்காரம் வைத்திருந்த பாறை கண்ணுக்குத் தெரியவில்லை. மௌலவியாகிய நான் அதுவரை வானத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச், ஏப்ரல் மாதங்கள் இரு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில், பிற்பகலில் இடியுடன் மழை. மலையுச்சியில் கொட்டிய தண்ணீர் செங்குத்தான ஓடைகளில் இறங்கி வரும்போது, கீழே ஒரு துளியும் விழுந்திராது. பனி உருகி ஆறு பெருகும் நாடுகளில் வெள்ளம் பெரும்பாலும் நாட்கணக்கில் ஏறும். நமக்கு நிமிடக் கணக்கு. விடுமுறையில் துன்ஹிந்தவுக்கும் இராவண எல்லவுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் காலையிலேயே போய்த் திரும்புங்கள். மேலே மலை கறுத்திருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். ஓடை பெருகிவிட்டால், அக்கரையில் வீடு தெரிந்தாலும் வடியும் வரை காத்திருங்கள்.

தண்ணீருக்குத் தப்பினாலும் மண் இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடுமில்லை, பெற்றோருமில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. "சொல்லியும் கேட்கவில்லையே" என்று நம்மில் பலர் பேசினார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. லயத்து அறை தோட்டத்துக்குரியது, வேலையும் தோட்டத்தில். எழுந்து போகச் சொன்னால் எங்கே போவார்கள்? உயிர் பிழைத்தோருக்கே புது வீடு கிடைக்க இரண்டு ஆண்டுகள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி மழையில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிக அதிகமாக இழந்த மாவட்டங்களுள் நம் பதுளையும் ஒன்று. அன்று தளர்ந்த சரிவுகள் பல இன்னும் அப்படியே நிற்கின்றன.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும்; 100 என்றால் புறப்பட ஆயத்தம்; 150 என்றால் வெளியேறிவிட வேண்டும். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். நேரான பக்கங்களுள்ள தகரப் பேணியொன்றை வெட்டவெளியில் வைத்து, பிள்ளைகளின் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஏறக்குறையத் தெரிந்தால் போதும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவற்றைக் கண்டால் அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மழையில் ஓடையைக் கடந்தாவது ஜும்ஆவுக்குப் போகத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், தொழுகைக்கு வருமாறு அழைக்கும் இடத்தில் வீடுகளிலேயே தொழுமாறு அறிவிக்கும்படி முஅத்தினிடம் கூறினார்கள். மக்கள் வியந்தபோது, தம்மைவிடச் சிறந்தவரே இப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். அது சேறும் சகதியுமான நாளுக்கே உரிய சலுகை. பெருகி ஓடும் ஓயாவைப் பற்றித் தனியாக பத்வா கேட்க வேண்டியதில்லை.

நான் கேட்பது வேறு. இரவு பதினொரு மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தால், சரிவின் கீழ் உள்ள லயத்துக் குடும்பங்கள் எங்கே போய்ப் படுப்பார்கள்? நம் பள்ளிவாசலும் மத்ரஸாவும் பாதுகாப்பான மேட்டில் இருந்தால் கதவைத் திறந்துவிடலாம்; அவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும். அதை மழையில்லாத நாளிலேயே கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டத்தாரிடமும் சொல்லி வைக்க வேண்டும். எங்கள் ஊரில் பாயும் அடுப்பும் சேர்த்தாயிற்று. மண்டபத்துத் திறப்பு ஒன்றுதான் உள்ளது, அதுவும் ஓடைக்கு அக்கரையில் குடியிருப்பவரிடம். இரண்டாவது திறப்பை யாரிடம் கொடுப்பது என்று வரும் ஜும்ஆவுக்குப் பின் பேசவிருக்கிறோம்.