மச்சி, கிளம்பாக்கத்துல இறங்கிட்டேன்!

காலையில அஞ்சு மணிக்கு போன் அடிச்சா அதுக்கு ரெண்டே காரணம்தான் இருக்க முடியும். ஊர்ல யாருக்கோ உடம்பு சரியில்லை. இல்லைன்னா, யாரோ ஒரு நண்பன் சென்னைக்கு வந்துட்டான். "மச்சி, கிளம்பாக்கத்துல இறங்கிட்டேன். உன் ரூமுக்கு எந்த பஸ்ஸுடா?"

ராத்திரி பஸ் ஏறினப்போ சொல்லலை. செங்கல்பட்டு தாண்டினப்போ சொல்லலை. இறங்கி டீ குடிச்சுட்டு, பல்லு விளக்கலாம்னு தோணினப்போதான் உங்க ஞாபகம் வருது பாருங்க! 2023 டிசம்பர் கடைசியில கிளம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைத் திறந்த பிறகு, தென் மாவட்ட நண்பர்கள் நம்மை எழுப்புற இடம் மட்டும்தான் கோயம்பேட்டுல இருந்து மாறியிருக்கு. நேரம் மாறலை.

பேச்சுலர் ரூமில் இருக்கும் எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். திருவல்லிக்கேணி மேன்ஷனா இருக்கட்டும், வேளச்சேரியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த ஒரு பெட்ரூம் வீடா இருக்கட்டும்... மாசத்துக்கு ஒரு விருந்தாளி கேரண்டி. இன்டர்வியூ, கோச்சிங் கிளாஸ், டி.என்.பி.எஸ்.சி. கலந்தாய்வு, விசா, சித்தப்பா பொண்ணு கல்யாணம், 'சும்மா பீச் பாக்கணும் போல இருந்துச்சு'ன்னு காரணம் மட்டும்தான் மாறும். வர்றவன் நல்லவன்தான். நம்ம கூட ஒரே பெஞ்ச்சில் உட்கார்ந்து படிச்சவன்தான். ஆனா, நல்லவன் எல்லாம் நல்ல விருந்தாளியா இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லையே!

முதல் பிரச்னை பாத்ரூம். நாலு பேருக்கு ஒரு பாத்ரூம் உள்ள வீட்டில் காலை ஆறரையில் இருந்து எட்டு வரைக்கும் ஒரு டைம் டேபிள் ஓடிக்கிட்டு இருக்கும். யாரும் எழுதி ஒட்டலை. ஆனா, ஆறரைக்கு முதல் ஷிஃப்ட் கால் சென்டர்காரன், ஏழுக்கு அம்பத்தூர் போறவன், ஏழே காலுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்கிறவன்னு நிமிஷக் கணக்கில் நடக்கும். நம்ம விருந்தாளி சரியா ஆறு ஐம்பதுக்கு செல்போனோட உள்ளே போவார். உள்ளே இருந்து வீடியோ சத்தம் வரும். அப்புறம் தண்ணி சத்தம். அப்புறம் மறுபடியும் வீடியோ சத்தம். வெளியே துண்டோட ரெண்டு பேர் நின்னுட்டு இருப்பாங்க. ஆபீஸ் வேலையே இல்லாதவனுக்கு ஏன் பாஸ் அந்த நேரத்திலேயே குளிக்கணும்னு தோணுது? ஒன்பது மணிக்கு மேல அந்த பாத்ரூம் அவருக்கே சொந்தமாச்சே!

அடுத்தது தண்ணி. ஊரில் கிணத்தடியில் மோட்டாரைப் போட்டுவிட்டு குளிச்சுப் பழகினவங்களுக்கு சென்னைத் தண்ணிக் கணக்கு புரியாது. அவங்க மேல தப்பில்லை, நாமதான் சொல்லணும். 2019 கோடையில பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்டுபோய், ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணியை ரயில்ல கொண்டுவந்த ஊர் இது. அந்த வருஷம் சென்னையில் ரூமில் இருந்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, பக்கெட் பக்கெட்டா கதை சொல்லுவாங்க. இப்பவும் லாரித் தண்ணி வாங்குற வீடுகளில், மாடியில் டேங்க் காலியானா ஓனர் அம்மா முதல்ல எண்ணுறது லிட்டரை இல்லை, வாசலில் கிடக்குற செருப்பைத்தான். நாலு ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஜோடி கிடந்தா விசாரணைக் கமிஷன் ஆரம்பம்!

"யாருப்பா அது புதுசா?"

"சித்தப்பா பையன் ஆன்ட்டி."

"போன மாசமும் ஒரு சித்தப்பா பையன் வந்தானே... உனக்கு எத்தனை சித்தப்பா?"

சோப்பு, பேஸ்ட், தேங்காய் எண்ணெய் எல்லாம் சின்ன விஷயம், விட்டுடலாம். துண்டு சின்ன விஷயம் இல்லை. அடுத்தவன் துண்டை எடுத்துத் துடைச்சுட்டு அதை ஈரத்தோட கட்டில் மேல போடுறவங்களுக்குத் தனியா ஒரு நரகம் வேணும். சார்ஜரைப் பிடுங்கிட்டுத் தன்னோடதைச் சொருகுறது, கேன் தண்ணியில் கடைசி டம்ளரைக் குடிச்சுட்டு 'தண்ணி தீர்ந்துருச்சு மச்சி'ன்னு செய்தி வாசிக்கிறது, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இயர்போன் இல்லாம ரீல்ஸ் பாக்குறது... இதெல்லாம் கூட சகிச்சுக்கலாம். "இந்தப் புறாக்கூண்டுக்கு இவ்ளோ வாடகையா? எங்க ஊர்ல இந்தக் காசுக்கு மாடி வீடே கிடைக்கும்"னு அதே புறாக்கூண்டில், ஓசியில் படுத்துக்கிட்டு சொல்வாங்க பாருங்க, அப்பதான் ரத்தம் கொதிக்கும்.

பொண்ணுங்க பக்கம் கதை வேற. பல லேடீஸ் ஹாஸ்டலில் ஃப்ரெண்டு வந்து தங்கணும்னா வார்டன்கிட்ட முன்னாடியே சொல்லணும், ஐ.டி. காப்பி தரணும், ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு காசு கட்டணும். சில இடத்தில் பெத்த அம்மாவே விசிட்டர் ரூமைத் தாண்டி வர முடியாது. கடுப்பா இருக்கும். ஆனா, ஒரு வசதி உண்டு. 'எப்படி கிளம்பச் சொல்றது'ங்கிற தர்மசங்கடம் அங்கே இல்லை. அந்தக் கெட்ட பேரை வார்டன் வாங்கிக்குவாங்க.

பசங்க ரூமில் வார்டன் கிடையாது. அதனாலதான் 'ஒரே ஒரு நாள்டா'ன்னு வந்தவன் பத்தாம் நாள் நம்ம லுங்கியைக் கட்டிக்கிட்டு, நமக்கே கதவைத் திறந்துவிடுறான். 'விருந்தும் மருந்தும் மூணு நாள்'னு பழமொழி இருக்கு. ஆனா, அதை யாரும் விருந்தாளி முகத்துக்கு நேரா சொன்னதே இல்லை. போன பிறகுதான் சொல்லிக்கிறோம். பழந்தமிழில் 'விருந்து'ன்னா புதுசுன்னு அர்த்தம், தெரியுமா? அந்த அர்த்தத்தில் பார்த்தா, பத்தாம் நாள் இருக்கிறவன் விருந்தே இல்லை. ரூம்மேட். வாடகையில் பங்கு கேட்கலாம்!

ஆனா, நம்ம ஆளுங்க கேட்க மாட்டாங்க. அதுக்குப் பதிலா என்ன பண்ணுவோம்? முகத்தைத் தூக்கி வெச்சுக்குவோம். பாத்திரத்தை 'டங்'னு வைப்போம். இன்னொரு ரூம்மேட்கிட்ட போனில் பேசுற மாதிரி அவன் காதில் விழப் பேசுவோம். திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் விருந்தோம்பல். அதோட கடைசிக் குறள், 90-வது, இந்த மூஞ்சி மேட்டரைத்தான் பேசுது. அனிச்சப் பூ மோந்து பார்த்தாத்தான் வாடும், விருந்தாளி நம்ம முகம் கோணினாலே வாடிப்போவான்னு வள்ளுவர் சொல்லிட்டார். இதில் ஒரு வேடிக்கை, வீட்டுக்காரன் எப்படி இருக்கணும்னு பத்துக் குறள் எழுதினவர், வந்தவன் எப்படி இருக்கணும்னு தனியா ஒரு அதிகாரம் வைக்கலை. ஒருவேளை அவர் வீட்டில் ரெண்டு பாத்ரூம் இருந்துச்சோ என்னவோ!

அதனால அந்த அதிகாரத்தை நாமதான் எழுதணும். அதுவும் அஞ்சாம் நாள் மூஞ்சியால் இல்லை, முதல் நாள் வாயால். அவன் போன் பண்ணும்போதே, "வாடா, தாராளமா தங்கு. ரெண்டு நாள் ஓகே, அதுக்கு மேலன்னா பசங்ககிட்ட கேக்கணும். பாத்ரூம் ஏழுக்கு முன்னாடி இல்லை எட்டரைக்கு மேல. துண்டும் பெட்ஷீட்டும் எடுத்துட்டு வா. பதினோரு மணிக்கு லைட் ஆஃப்." அரை நிமிஷம் ஆகுமா இதைச் சொல்ல? இதுக்குக் கோவிச்சுக்கிட்டு ஒருத்தன் வராம இருந்தா, அவன் வராததே நல்லது. இன்னொண்ணு, ரூம்மேட்கிட்ட கேட்காம 'வா'ன்னு சொல்லாதீங்க. அந்தத் தரையில் நாலில் ஒரு பங்குதான் உங்களுக்கு.

இதெல்லாம் ஏன் இவ்வளவு சீரியஸா சொல்றேன்னா, பல ரூம்களில் இப்ப 'வெளியாட்கள் தங்க அனுமதி இல்லை'ன்னு ஓனர் கண்டிஷன் போடுறாங்க. பாதி கேஸில் அதுக்குப் பின்னாடி ஒரு விருந்தாளி இருப்பார். டேப்பை மூடாம போனவர், ராத்திரி ரெண்டு மணிக்கு மாடியில் பாட்டு போட்டவர், தன்னோட விருந்தாளியையும் கூட்டிட்டு வந்தவர். அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துடுவார். மாட்டிக்கிறது அவருக்கு அடுத்து வர்றவன்.

அவன் யாருன்னு நினைக்கிறீங்க? தென்காசிப் பக்கமோ திருவாரூர்ப் பக்கமோ ஒரு கிராமத்தில் இருந்து, வீட்டிலேயே முதல் டிகிரி வாங்கி, முதல் இன்டர்வியூவுக்கு வர்ற பையன். பாக்கெட்டில் பஸ்ஸுக்குப் போக வரக் காசும், ரெண்டு வேளை சாப்பாட்டுக் காசும்தான் இருக்கும். லாட்ஜ் வாடகை அந்தக் கணக்கிலேயே கிடையாது. ஃப்ரெண்டோட ரூமில் ஒரு பாய் விரிக்கிற இடம் இருக்குன்னு நம்பித்தான் அவன் பஸ் ஏறுறான். அது இல்லைன்னா பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச்சில் உட்கார்ந்து விடிய விடியக் கொசுவை அடிச்சுட்டு, கட்டணக் கழிப்பறையில் சட்டையை மாத்திட்டு, தூக்கம் வழியுற கண்ணோட 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'க்கு பதில் சொல்லணும். இன்னைக்கு சென்னையில் கை நிறையச் சம்பளம் வாங்குற எத்தனையோ பேர் அப்படி ஒரு பாயில் படுத்து எழுந்து போனவங்கதான். உங்க ஆபீஸ்லயே கேட்டுப் பாருங்க.

ஸோ, இந்த வாரம் யார் ரூமுக்காவது போறீங்களா? முந்தின நாளே சொல்லிடுங்க. திரும்பிப் போற டிக்கெட்டைக் காட்டுங்க, ரூமே நிம்மதியா தூங்கும். கேன் தண்ணி தீர்ந்தா நீங்களே போன் பண்ணி, காசும் நீங்களே குடுங்க. டீக்கடையில் ஒரு நாளாவது எல்லோருக்கும் சேர்த்து நீங்க கொடுங்க. ஓனர் அம்மாவைப் பார்த்தா வணக்கம் வெச்சு, ஃப்ரெண்டுன்னே உண்மையைச் சொல்லுங்க; சித்தப்பா கோட்டா எப்பவோ முடிஞ்சிருச்சு. கிளம்பும்போது பாயைச் சுருட்டி வெச்சுட்டுப் போங்க.

அப்புறம், அம்மா குடுத்துவிடுற பருப்புப் பொடியைக் கண்டிப்பா எடுத்துட்டு வாங்க. டப்பாவை மட்டும் திருப்பிக் கேக்காதீங்க. பேச்சுலர் ரூமுக்குள் போன டப்பா திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது.