எண்ணும் ஏதுவும்

நோயாளியின் கட்டிலருகே நின்று உறவினர் கேட்கும் வினா எக்காலத்தும் ஒன்றே: “பிழைப்பாரோ?” நாடி பிடித்துப் பார்த்த பரிகாரியாரிடம் நம் பாட்டனார் அதனைக் கேட்டனர், வைத்தியசாலை வாட்டிலே வைத்தியரிடம் நாம் அதனைக் கேட்கின்றோம். இன்று அவ்வினாவுக்கு விடை கூற மூன்றாவதாக ஒரு பொருளும் வந்து நிற்கின்றது. இயந்திரக் கற்றல் என்று அதற்குப் பெயர்.

இதன் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். முன்னர் சிகிச்சை பெற்ற பல்லாயிரம் நோயாளரின் வயது, மூச்சு வீதம், குருதிப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றையும், அவருள் யார் வீடு திரும்பினார், யார் இறந்தார் என்பதையும் கணினிக்கு ஊட்டுவர். இந்த அறிகுறி உண்டாயின் இந்த முடிவு என ஒருவரும் அதற்கு விதி வகுத்துக் கொடுப்பதில்லை. தரவுகளிடையே உள்ள தொடர்பைக் கணினி தானே தேடிக் கொள்ளும். பின்னர்ப் புதிய நோயாளி ஒருவர் வந்தால், அவர் இறக்கக்கூடிய வாய்ப்பு நூற்றுக்கு இத்தனை வீதம் என எண்ணாற் கூறும். 2020ஆம் ஆண்டிலே கொரோனாப் பெருந்தொற்றுப் பரவி, பல நாடுகளிற் கட்டிலும் ஒட்சிசனும் போதாதிருந்த வேளையில், இத்தகைய முன்னறிவை வைத்தியர் விரும்பினர். அவ்விருப்பம் இயல்பானதே. கணினி கூறும் எண்ணை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

தமிழ் கற்றோர்க்கு இவ்வினா புதியதன்று. காண்டல், கருதல், உரை என அளவைகளை வகுத்த நம் முன்னோர், கருதலுக்கு ஏது இன்றியமையாதது என்றனர். மலையிலே புகை கண்டு நெருப்பு உண்டெனத் துணிகின்றோம். புகை அத்துணிவுக்கு ஏது. ஆயின் ஏதுவைப் போலத் தோன்றி நம்மை ஏமாற்றுவனவும் உள. மணிமேகலையின் 29ஆம் காதையிலே அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை உபதேசிக்குமிடத்து, ஏதுப்போலிகளை வகை வகையாகப் பிரித்துக் காட்டுகின்றார். துறவு பூண்ட இளம்பெண்ணுக்கு இத்துணை நுண்ணிய தருக்கம் எதற்கு என அக்காதையைப் படிக்கும் மாணாக்கர் சிலர் கேட்பதுண்டு. அவர்க்கு விடையாக அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைக் கூறலாம்.

1990ஆம் ஆண்டுகளிலே, நியூமோனியாக் காய்ச்சலால் வைத்தியசாலை வந்தோருள் யாருக்கு ஆபத்து மிகுதி என முன்னறிதற்கு அந்நாட்டு ஆய்வாளர் கணினியைப் பழக்கினர். 78 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 14,199 நோயாளரின் பதிவுகள் கையாளப்பட்டன. கணினி கண்டுபிடித்த விதிகளுள் ஒன்று வைத்தியரைத் திடுக்கிடச் செய்தது: தொய்வு நோய் உடையவர்க்கு நியூமோனியா வந்தால் ஆபத்துக் குறைவு என்றது அவ்விதி! மூச்சுக்குழல் ஏற்கெனவே நலிந்தவர்க்கு அஃது எங்ஙனம் பொருந்தும்? காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. தொய்வு உடையவர் வந்தவுடனேயே வைத்தியர் அஞ்சித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பி, விசேட கவனத்துடன் பேணினர். அப்பேணலினாலே பலர் பிழைத்தனர். கணினி கண்டது தொய்வும் பிழைத்தலும் உடனிகழ்ந்ததை மாத்திரம். இடையே நின்ற வைத்தியரின் கையை அது காணவில்லை. அவ்விதியை நம்பித் தொய்வு உடையவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நேர்ந்திருக்கும் விளைவை எண்ண உள்ளம் நடுங்குகின்றது. ஏதுப்போலி என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ? மிகுந்த திருத்தத்துடன் விடை கூறிய கணினி முறையை ஆய்வாளர் விலக்கி, உள்ளே நிகழ்வது தெரியக்கூடிய எளிய முறையையே தெரிந்தனர். றிச் கரூவானா என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதனை எடுத்து விளக்கினர்.

பெருந்தொற்றுக் காலத்திலும் இப்பாடம் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. 2020 மே மாதத்தில், சீனாவின் வூகான் நகரத்து நோயாளர் 485 பேரின் பதிவுகளைக் கொண்டு அமைத்த முறையொன்று வெளியாயிற்று. மூன்றே குருதிப் பரிசோதனைகளால், 10 நாட்களுக்கு முன்னரேயே, நூற்றுக்கு 90 வீதத்துக்கு மேற்பட்ட திருத்தத்துடன் இறப்பை அறியலாம் என்றனர். நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் தத்தம் நோயாளரிடத்து அதனைச் சோதித்தவர்களோ, எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்று எழுதினர். அம்முறையைப் பழக்கியபோது ஒவ்வொரு நோயாளரிடமும் இறுதியாக எடுத்த குருதியின் முடிவையே பயன்படுத்தியிருந்தமை ஒரு குறையாகச் சுட்டப்பட்டது. மழைத்துளி விழத் தொடங்கிய பின் மழை வரும் என்பவனைச் சோதிடன் என்போமா?

நெஞ்சு எக்ஸ்கதிர்ப் படங்களைக் கொண்டு கொரோனாவைக் கண்டறியப் புகுந்தோர் சிலர், நோயற்றோர் படங்களாகச் சிறு குழந்தைகளின் படங்களை ஊட்டிவிட்டனர். கணினி கற்றது நோயை அன்று. பெரியவர்க்கும் குழந்தைக்கும் உள்ள வேறுபாட்டை! கேம்பிரிட்ச் ஆய்வாளர் முதலாயினோர் 2,212 கட்டுரைகளைத் திரட்டி, அவற்றுள் 62ஐ நுணுகி ஆராய்ந்து, வைத்தியசாலையிற் பயன்படத் தக்கது ஒன்றும் இல்லை என 2021ஆம் ஆண்டில் அறிவித்தனர். கடந்த ஆண்டு வினாத்தாள்களை நெட்டுருப் பண்ணிய மாணவன் புதிய வினாத்தாளைக் கண்டு விழிப்பதை ஆண்டுதோறும் காணும் ஆசிரியர்க்கு இதில் வியப்பில்லை.

ஆயினும் முயற்சி முழுவதும் வீண் எனக் கூறுதல் நீதியாகாது. பிரித்தானியாவிலே 260 வைத்தியசாலைகளில் 35,463 நோயாளரைக் கொண்டு கணித்து, வேறு 22,361 பேரிடம் சோதித்துப் பார்த்த புள்ளிமுறை ஒன்று 2020 செப்டெம்பரில் வெளியாயிற்று. வயது, பால், உடனுறை நோய்களின் தொகை, மூச்சு வீதம், குருதியின் ஒட்சிசன் நிறைவு, உணர்வு நிலை, குருதி யூரியா, அழற்சியைக் காட்டும் புரதம் ஆகிய எட்டுக்கும் புள்ளியிட்டுக் கூட்டினால் 0 முதல் 21 வரை ஒரு தொகை வரும். மூன்றோ அதற்குக் குறைவோ பெற்றவருள் நூற்றுக்கு ஒருவரே இறந்தனர். 15உம் அதற்கு மேலும் பெற்றவருள் 62 பேர் இறந்தனர். சிக்கல் மிகுந்த கணினிக் கற்றல் முறையையும் அவர்கள் ஒப்புநோக்கினர். அது இவ்வெளிய கூட்டலைவிடப் பெரிதும் மேம்பட்டிருக்கவில்லை. இம்முறையின் சிறப்பு அதன் வெளிப்படையிலே உள்ளது. எப்புள்ளி எதனால் வந்தது என்பதைத் தாதியும் காணலாம், தவறாயின் திருத்தலாம். எனினும் தடுப்பூசி வருமுன் நோயுற்றவரைக் கொண்டு கணித்த புள்ளிகள் அவை என்பதையும் மறத்தலாகாது. காலம் மாறின் கணக்கும் மாறும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2017ஆம் ஆண்டிலே இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதியப்பட்டனர். டெங்குவின் வஞ்சகம் யாதெனில், காய்ச்சல் தணியும் வேளையே பெரும்பாலும் ஆபத்து வேளையாதல். தாய் “பிள்ளைக்குச் சுகம்” என்று மகிழும் அந்நேரத்திலே குருதியின் நீர்ப்பகுதி குழாய்களைவிட்டுக் கசியத் தொடங்கலாம். யாரை வாட்டில் நிறுத்த வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதை முன்னறிய உதவும் கருவி எதுவாயினும் நாம் அதனை இருகை நீட்டி வரவேற்போம். ஆனால் பிறநாட்டார் நோயையும் பிறநாட்டு வாட்டையும் கற்ற கணினி, நம் பிள்ளையை அறியாது. நம் வைத்தியசாலைப் பதிவுகளால் அது சோதிக்கப்படல் வேண்டும். ஒரு முறை சோதித்ததோடு அமையாது ஆண்டுதோறும் சோதிக்கப்படல் வேண்டும். அதற்கு முதற்கண் நம் பதிவுகள் ஒழுங்காக எழுதப்படல் வேண்டும்.

இன்னுமொன்று. குறைந்த வாய்ப்பே உண்டு என்று கணினி கூறியவர்க்குக் கட்டில் மறுக்கப்பட்டு, அவர் இறந்தால், கணினி கூறியது பலித்ததாகவே கணக்கில் ஏறும். அடுத்த முறை அது இன்னும் உறுதியாகக் கூறும். தன் வாக்கைத் தானே மெய்யாக்கும் இத்தகைய ஆரூடம் ஏழைக்கும் முதியோர்க்குமே முதலிற் கேடு செய்யும். ஆதலின் எண் வைத்தியர்க்கு எச்சரிக்கையாக அமையலாம். கட்டிலை மறுக்கும் தீர்ப்பாக அமைதலாகாது.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோயுற்றவனது நிலையையும் நோயின் அளவையும் காலத்தையும் ஒருங்கே கருதும் பொறுப்பைக் கற்ற வைத்தியனிடத்து வைத்தார். நோயின் அளவைக் கணினி நன்றாகவே அளக்கலாம். கருதும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தல் ஒண்ணாது. “பிழைப்பாரோ?” என்று கேட்கும் உறவினர்க்கு விடை கூறுபவர், “ஏன்?” என்னும் அடுத்த வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர். எண்ணைக் கற்கும் நம் மாணாக்கர் ஏதுவையும் கற்பாராக. நாளை அக்கணினிகளை ஆக்குவோரும், அவற்றின் சொல்லைக் கேட்டு வாட்டிலே நிற்போரும் அவர்களே.