'பாவம்' என்றொரு பூதம்!

ஊரையே அழிக்கும் ஒரு பூதம். அதன் பெயர் 'சின்', அதாவது, பாவம். ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 2001-ல் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டஸி 10' வீடியோ கேமில் வருகிறது. மனிதர்கள் இயந்திரங்களை நம்பியதற்கு இதுதான் தண்டனை என்கிறது அங்குள்ள யெவான் மதம்.

பூதத்தை அடக்க, 17 வயது யூனா கோயில் கோயிலாக யாத்திரை போகிறாள். முடிவில் உயிரையே கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் சில ஆண்டுகளில் பூதம் மறுபடி பிறக்கும். இதற்கு முடிவே இல்லை என்பது மதத் தலைவர்களுக்குத் தெரியும், மக்களிடம் சொல்லவில்லை. இயந்திரங்களைத் தடை செய்தவர்களின் தலைமைக் கோயிலுக்குக் காவல் நிற்பதும் இயந்திரங்கள்தான்!

உண்மை தெரிந்ததும், பலியாக மறுக்கிறாள் யூனா. ஆனால், பிரார்த்தனையைக் கைவிடவில்லை. கடைசிப் போரில் பூதத்தைச் சாந்தப்படுத்துவது, கோயில்களில் ஒலித்த அதே பாடல். ஊரே சேர்ந்து பாடுகிறது!