அவமதிப்பும் அவர்கள் சரக்கு. ஆட்சேபமும் அவர்கள் சரக்கு!

பாட்டுக்குப் பாட்டு வீடியோ எடுத்து உலகெங்கும் விற்கும் பாப் இசை வியாபாரத்தில் பெண்ணுக்கு என்ன இடம்? 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பிளர்டு லைன்ஸ்’ என்ற அமெரிக்கப் பாடலின் வீடியோ இதற்கு விடை சொல்கிறது. ஆண்கள் மூவர் முழு உடையில் நிற்கிறார்கள். பெண்கள் மூவர் அரைகுறை ஆடையில் அவர்களைச் சுற்றி ஆடுகிறார்கள். பாட்டு ஆணுக்கு, உடம்பு பெண்ணுக்கு! பெண்ணின் சம்மதத்தையே இந்தப் பாட்டு கேலி செய்கிறது என்று மாதர் இயக்கத்தினர் கண்டித்தார்கள்.

அந்தப் படப்பிடிப்பு அரங்கு, பெண்கள் கூலிக்கு வேலை செய்யும் இடம் என்பதை மறக்கலாகாது. அங்கேயே பாடகர் தம்மைத் தகாத முறையில் தொட்டதாக, அதில் ஆடிய பெண்களில் ஒருவர் 2021இல் வெளியான தமது நூலில் எழுதியிருக்கிறார். வேலை பறிபோகும் என்ற பயத்தில் வாய் மூடி நிற்கும் ஆலைப் பெண்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

இதற்கு மறுப்பும் பாப் இசையிலிருந்தே வந்திருக்கிறது. 2020இல் டெய்லர் ஸ்விஃப்ட் என்ற பாடகி தாமே டைரக்ட் செய்து, தாமே ஆண் வேடமிட்டு நடித்த ‘தி மேன்’ அத்தகையது. அந்த ஆண் ரயிலில் காலை அகட்டி அமர்ந்து அடுத்தவர் இடத்தையும் பிடித்துக்கொள்கிறான். ஆபீசில் கத்துகிறான், கைதட்டுகிறார்கள். குழந்தையைச் சிறிது நேரம் தூக்கி வைத்துக்கொண்டால் போதும், உத்தமத் தகப்பன் என்ற பட்டம்! நாள் முழுதும் குழந்தையைச் சுமக்கும் தாய்க்கு எந்தப் பட்டமும் இல்லை.

“கோடீஸ்வரப் பாடகியின் குறை நமக்கெதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கலாம். அந்த அபிப்பிராயம் தவறு. ஆணின் அதிகாரத்தைக் கேலிக்குள்ளாக்கும் எந்தக் கலையையும் நாம் வரவேற்கிறோம். பல தலைமுறைப் பெண்கள் நடத்திய போராட்டமே இப்படிப் பாடும் துணிவை அளித்தது.

ஆனால் இந்த எதிர்ப்பு எங்கே போய் நின்றுவிடுகிறது? ‘ஆணாக இருந்தால் நானும் முதலாளி நாற்காலியில் இருப்பேன்’ என்பதோடு நின்றுவிடுகிறது. நாற்காலிக்குக் கீழே வேலை செய்பவர்களின் கதி என்ன என்று கேட்கவில்லை. கேட்குமா, கம்பெனி? பெண்ணை இழிவுபடுத்திய முதல் பாடலும், அதை எதிர்க்கும் இரண்டாம் பாடலும் யுனிவர்சல் மியூசிக் என்ற ஒரே ஏகபோகத்தின் கிளைகள் விற்ற சரக்குதான். அவமதிப்பிலும் லாபம், ஆட்சேபத்திலும் லாபம்!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்தப் பாடகியின் முதல் ஆறு ஆல்பங்களின் மூலப் பதிவுகள் 2019இல், அவற்றை வைத்திருந்த கம்பெனியோடு சேர்த்துக் கைமாறின. பாடியவர் அவர், உடைமை வேறொருவருக்கு! 2025இல்தான் அவர் அவற்றை விலை கொடுத்து மீட்டார். தான் படைத்ததைத் தானே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. அவரிடம் பணம் இருந்தது, வாங்கினார். தான் தைத்த சட்டையை வாங்கக் கூலி போதாத பெண் எதை மீட்பாள்?

ஆகவே கம்பெனிகளின் மனமாற்றத்தை நம்பிப் பயனில்லை. 2013இல் ‘பிளர்டு லைன்ஸ்’ பாடலைத் தங்கள் கட்டடங்களில் ஒலிபரப்பக்கூடாது என்று முதலில் எடின்பரோ மாணவர் சங்கமும், தொடர்ந்து பிரிட்டனின் பல மாணவர் சங்கங்களும் தடுத்தன. நம் நாட்டிலும் 2015 டிசம்பரில் பெண்ணை ஆபாசமாக ஏசும் ‘பீப் பாடல்’ இணையத்தில் பரவியபோது, கோவையில் மாதர் சங்கத்தார் புகார் கொடுத்தார்கள். போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. இரண்டு இடங்களிலும் அசைத்தது ஸ்தாபன பலமே.

தோழர்களே! பெண்ணைப் பழிக்கும் பாட்டு நம் வீட்டுக் கல்யாணத்திலும், நம் ஊர்த் திருவிழாவிலும், ஏன், நம் கைப்பேசியிலும் ஒலிக்கிறது. அதை நிறுத்தச் சொல்லும் பெண்ணின் பக்கம் முதலில் நாம் நிற்க வேண்டும். ஆலையிலும் வயலிலும் வீட்டிலும் உழைக்கும் பெண்ணின் வாழ்வைப் பாடும் கலைஞர்களை நம் மேடைகளில் ஏற்ற வேண்டும். சம வேலைக்குச் சம கூலி கேட்டுப் பெண்கள் அணிவகுக்கும் நாளில், அவர்களைப் பொம்மையாக்கும் பாட்டு தானே ஊமையாகும்.