வரியை நீக்கினார்கள், பரிசோதனையை மறந்தார்கள்

டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், ஆசிமெர்டினிப், துர்வாலுமாப் ஆகிய மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கும் சுங்க வரி கிடையாது என்று 2024 ஜூலை 23 அன்று நிதியமைச்சர் அறிவித்தார். பாராட்டு குவிந்தது. பத்து சதவீத வரி போனது நல்லதுதான். துர்வாலுமாபின் கணக்கு வேறு. மற்ற இரண்டும் யாருக்குப் பலிக்கும் என்பதை நோயாளியின் கட்டியில் இருக்கும் மரபணுதான் சொல்லும். அதைக் கண்டறியும் பரிசோதனையைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒரு சொல்கூட இல்லை.

வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டும்போது மட்டும் 'பெருகு' என்று செல்லுக்குள் ஆணை அனுப்ப வேண்டியது அதன் ஏற்பி. ஏற்பியின் மரபணு கெட்டுவிட்டால் யாரும் வந்து ஒட்டாமலேயே ஆணை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். மார்பகப் புற்றுநோயாளிகளில் 15 முதல் 20 சதவீதத்தினருக்கு, டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் குறிவைக்கும் ஹெர்-2 ஏற்பியின் மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. அதன் ஆபத்தை டென்னிஸ் ஸ்லாமன் குழு 1987-லேயே காட்டிவிட்டது. நுரையீரலில் கெடுவது ஆசிமெர்டினிப் குறிவைக்கும் இஜிஎஃப்ஆர்; அது 2004-ல் தெரியவந்தது.

நான் எந்த மேடையிலும் விடாமல் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 2009-ல் வெளியான 'ஐபாஸ்' ஆய்வு. கிழக்காசியாவில் 1,217 நுரையீரல் புற்றுநோயாளிகள். எல்லோரும் புகைக்காதவர்கள் அல்லது எப்போதோ கொஞ்சம் புகைத்து விட்டவர்கள். ஆசிமெர்டினிப்பைப் போலவே இஜிஎஃப்ஆரைத் தடுக்கும் ஜெஃபிடினிப் மாத்திரையை ஆளைப் பார்த்தே எழுதிக் கொடுக்கலாம் என்று மருத்துவர்கள் நம்பிய அதே ரகம். மரபணு முடிவு கிடைத்தது 437 பேருக்குத்தான். அவர்களில் இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்து ஜெஃபிடினிப் சாப்பிட்டவர்களில் 71.2 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாமல் அதே மாத்திரையைச் சாப்பிட்ட 91 பேரில்? ஒரே ஒருவருக்கு. மாற்றம் இல்லாதவர்களில் சாதாரண கீமோ எடுத்தவர்களுக்கோ 23.5 சதவீதம் பலன். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததே மாத்திரையைத் தயாரித்த ஆஸ்ட்ராசெனிகாதான் என்பதால், வேண்டாதவர்கள் கட்டிவிட்ட கதை என்றும் ஒதுக்க முடியாது.

தொண்ணூறு பேருக்குப் பலிக்காத ரக மாத்திரைக்கு வரியைக் குறைத்தால் என்ன, குறைக்காவிட்டால் என்ன? விலை இறங்கினால் எல்லாம் தானாகச் சரியாகும் என்கிற பொருளாதார நிபுணர்கள் ஒருமுறை புற்றுநோய் வார்டுக்குப் போய்வரட்டும். நுரையீரல் நிழலைக் காசம் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிவிட்டு வருபவர்கள் அங்கே இருப்பார்கள். பயாப்சியில் கிடைத்த துணுக்குச் சதை, எந்த வகைப் புற்று என்று பார்ப்பதற்குள்ளேயே தீர்ந்துபோயிருக்கும். மார்பகத்தில் ஹெர்-2 ரிப்போர்ட் '2+' என்று, அதாவது உறுதியாகச் சொல்ல முடியாமல், வந்தால் அடுத்து மரபணுப் பிரதிகளை எண்ணும் 'ஃபிஷ்' பரிசோதனை வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து '2+' என்ற ரிப்போர்ட்டோடு நின்றுவிடுகிறவர்களுக்கு இந்தச் சலுகையால் என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, இஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள 350 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப் மட்டும், மற்றவர்களுக்கு அதோடு கீமோவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. ஆசிமெர்டினிப்பின் பெரிய ஆய்வில் அது 18.9 மாதம். வெவ்வேறு ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று புள்ளியியல்காரர்கள் கிளம்புவார்கள், வைக்கத்தான் செய்வேன். கீமோ சேரும்போது பக்கவிளைவு கூடுகிறது, உண்மைதான். ஆனால், மலிவான இந்திய ஜெஃபிடினிப்பை வைத்துக்கொண்டு நம் மருத்துவர்களே இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, சலுகை இறக்குமதி மாத்திரைக்குப் போகிறது. சலுகை பெற்ற மூன்று மருந்துகளிலும் ஆஸ்ட்ராசெனிகாவுக்குப் பங்கு இருக்கிறது. தற்செயலாகவே இருக்கட்டும்.

என்னைக் கேட்டால் இந்த விலக்கையே திரும்பப் பெற வேண்டும். அந்தப் பத்து சதவீதத்தைப் பழையபடி வசூலித்து, மாவட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவமனையில் இஜிஎஃப்ஆர், ஹெர்-2 பரிசோதனைகளை இலவசமாக நடத்தலாம். பற்றாக்குறையை மருந்து விற்கும் நிறுவனத்திடமே கேட்டு வாங்கலாம். நோயாளியைத் தேடித் தரும் வேலையை அரசு செய்யும்போது அவர்கள் மறுக்க மாட்டார்கள்.