விடுதலையானவரின் கைரேகை

கலசப்பாக்கம், போளூர், ஆரணி வட்டாரத்தில் குற்றவியல் வழக்கு நடத்தும் எவருக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506 என்ற வரிசை மனப்பாடம். கூழ் வார்க்கும் திருவிழாவில் எழுந்த தகராறு, வரப்புச் சண்டை, தறிக்கு வாங்கிய முன்பணத்தால் வந்த வாய்த்தகராறு எல்லாம் கடைசியில் இந்தப் பிரிவுகளில் வந்து நிற்கும். பாரதிய நியாய சன்ஹிதாவில் அவற்றின் எண்கள் 296(பி), 115(2), 351 என்று மாறிவிட்டன. வழக்கின் போக்கு மாறவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பார்கள். 323-ஐச் சமரசம் செய்துகொள்ளலாம், 294(பி)-க்குச் சட்டத்தில் அந்த வழி கிடையாது. ஆகவே சாட்சிகள் பிறழ்வார்கள், எதிரி விடுதலையாவார், நாமும் கேஸ் கட்டை மூடிவிடுவோம்.

அப்படி விடுதலையான ஒரு பையனின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செய்யாறு சிப்காட்டில் வேலை கிடைத்து, காவல்துறை சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். காவல்துறையின் சிசிடிஎன்எஸ் கணினி வலையமைப்பில் முதல் தகவல் அறிக்கை இருக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பை யாரும் ஏற்றியிருக்காவிட்டால் அவர் இன்னும் எதிரிதான். காவலர் தேர்வு எழுதியிருந்தால் நிலைமை இன்னும் கடினம். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14(பி) பிரிவு, புகார்தாரர் பிறழ்ந்ததாலோ சந்தேகத்தின் பலனாலோ விடுதலையானவரைக் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுகிறது. சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் 2008-இல் மணிகண்டன் வழக்கில் அதை ஏற்றுக்கொண்டது. சமரசத்துக்கு அவசரப்படும் கட்சிக்காரரிடம் இதை முதலிலேயே சொல்வது நம் கடமை.

ஆனால் பதிவை வைத்திருப்பவரை யார் கண்காணிக்கிறார்கள் என்பதே நம்மை உறுத்தும் கேள்வி. 1920-ஆம் ஆண்டுக் கைதிகள் அடையாளச் சட்டம் வெள்ளையர் காலத்தது. அதன் 7-ஆம் பிரிவுப்படி, முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால் அவரிடம் எடுத்த அளவீடுகளையும் புகைப்படங்களையும் அழிக்க வேண்டும், அல்லது அவரிடமே ஒப்படைக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 4-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. கைரேகை, கால்தடம், கருவிழி, உயிரியல் மாதிரி, கையெழுத்து என்று பட்டியல் நீண்டது. இவற்றைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். இருபது வயதில் ரேகை வைத்தவர் தொண்ணூற்றைந்து வயதுவரை அதிலிருந்து தப்ப முடியாது.

விடுதலையானவரின் பதிவை அழிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தின் 4-ஆம் பிரிவும் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் 2022 செப்டம்பரில் வந்த விதிகள் அந்தக் கடமையைக் கோரிக்கையாக்கிவிட்டன. அழிக்கும்படி மாநிலத் தொடர்பு அலுவலரிடம் கேட்க வேண்டும். வேறு வழக்கோடு தொடர்பில்லை என்று அவர் பார்த்துப் பரிந்துரைத்தால்தான் காப்பகம் அழிக்கும். பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்படி ஒரு அலுவலர் இருப்பதே தெரியாது. வழக்கறிஞர்களான நம்மில் எத்தனை பேர் அவருக்கு ஒரு மனுவாவது அனுப்பியிருக்கிறோம்?

காப்பகம் 1986 முதல் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பதிவைச் சேகரிப்பது காவல்துறை, சேமிப்பது காப்பகம். அழித்தார்களா என்று வெளியிலிருந்து பார்க்கச் சட்டம் யாரையும் நியமிக்கவில்லை. 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பிரிட்டனுக்கு எதிரான எஸ் மற்றும் மார்ப்பர் வழக்கில் குற்றவாளி அல்லாதவர்களின் கைரேகையையும் மரபணுவையும் காலவரையின்றி வைத்திருப்பது தவறு என்றது. 2012-இல் அந்நாடு சட்டம் இயற்றி, காவல்துறைக்கு வெளியே உயிரியளவு ஆணையர் ஒருவரை அமர்த்தியது. இங்கே 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் ஊடுருவல் நடந்தது. நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் களவுபோனதாகக் காவல்துறையே சொன்னது. மக்களின் முகங்களைக் காக்கும் பூட்டின் வலிமை இவ்வளவுதான்.

அதே மாதம் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அமானத்துல்லா கான் வழக்கில் சரித்திரப் பதிவேடுகள் பற்றிப் பேசியது. அவை காவல்துறையின் உள் ஆவணங்கள், பொதுவெளிக்கு வரக்கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பின்தங்கியோர் பெயர்களை இயந்திரத்தனமாக ஏற்றக்கூடாது. மூத்த அதிகாரி ஒருவர் அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும் என்றது. எல்லா மாநிலங்களும் இதைப் பரிசீலிக்கவும் உத்தரவிட்டது. இருளரும் குறவரும் வாழும் நம் மாவட்டத்தில் இது ஏட்டுச் செய்தி அல்ல. 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-இல் இங்கே நீங்கியது. பிறந்த சாதியைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் அதோடு நீங்கவில்லை. தணிக்கை செய்பவரும் காவல் அதிகாரியே என்பது இந்தத் தீர்ப்பிலும் நமக்குள்ள குறை.

பதிவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தொடர் திருட்டைக் கைரேகைதான் பிடித்துக் கொடுக்கிறது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் காவல்துறைக்கு வெளியே ஒரு கண்காணிப்புக் குழுவை மாநில அரசு அமைக்கட்டும். ஆண்டுதோறும் எத்தனை பதிவுகள் சேர்ந்தன, எத்தனை அழிந்தன என்று அது சட்டமன்றத்தில் வைக்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம். விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கைக்கு வந்து, மேல்முறையீட்டுக் காலமும் முடிந்தவுடன், பதிவை அழிக்கக் கோரும் மனுவைத் தொடர்பு அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு நகலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள். அந்த மனு அனுப்பப்படும் வரை கேஸ் கட்டை மூடாதீர்கள்.