10-க்கு 10 ரூமுக்கு 200 வாட்ஸ் எதுக்கு பாஸ்? ஸ்பீக்கர் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு!

பண்டிகை ஆஃபர் சீஸன் வந்துவிட்டால் போதும்... செல்போன் திரை முழுக்க ஸ்பீக்கர் விளம்பரங்கள்தான். '200 வாட்ஸ்', 'அதிரும் பேஸ்', 'வீட்டிலேயே தியேட்டர்', கூடவே 'நோ காஸ்ட் இ.எம்.ஐ'. புதுசா வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியவரின் விரல் தானாகவே 'பை நவ்' பக்கம் போய்விடும். ஆனால், அந்த ஸ்பீக்கர் வந்து இறங்கப்போகும் இடம் எது? ஒரு கட்டில், ஒரு அலமாரி போட்டால் நடக்கவே வழியில்லாத பெட்ரூம். சுவருக்கு அந்தப் பக்கம் ஹவுஸ் ஓனர்!

இன்னொரு பக்கம், நம் போனுக்குள் இருக்கும் பாட்டின் தரம் எங்கேயோ போய்விட்டது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில், கூடுதல் கட்டணம் இல்லாமலேயே 'லாஸ்லெஸ்' தரத்தைக் கொடுக்க ஆரம்பித்தது. ஸ்பாட்டிஃபையும் 2025 செப்டம்பரில் அதே ரூட்டுக்கு வந்துவிட்டது. அதாவது, பாட்டு தருபவர்கள் தரத்தில் போட்டி போடுகிறார்கள். ஸ்பீக்கர் விற்பவர்களில் பலரோ இன்னும் வாட்ஸில்தான் போட்டி போடுகிறார்கள். ஏன்?

காரணம் ரொம்ப சிம்பிள். முன்பெல்லாம் கடைக்குப் போய், நாலு ஸ்பீக்கரைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். இப்போது ஆன்லைனில் வாங்குகிறோம். அங்கே சத்தத்தைக் கேட்க முடியாது, நம்பரைத்தான் பார்க்க முடியும். காதால் வாங்கவேண்டிய பொருளை, கண்ணால் வாங்கிக்கொண்டிருக்கிறோம். பெரிய நம்பர் போட்டவர் ஜெயிக்கிறார்.

வாட்ஸ் கணக்கு என்ன சொல்லுது?

சாதாரணமான ஒரு சின்ன ஸ்பீக்கரின் திறன் 85 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு என்ன அர்த்தம்? வெறும் 1 வாட் கொடுத்தாலே, 1 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தம் வரும். அது ஒரு சின்ன ரூமுக்கு நல்ல சத்தம். நாம் ரிலாக்ஸாகப் பாட்டு கேட்கும் அளவு 70, 75 டெசிபல்தான். அதற்கு 1 வாட்கூடத் தேவையில்லை. பாட்டில் திடீரென டிரம்ஸ் எகிறும் இடங்களுக்கும் சேர்த்துப் பார்த்தால், ஒரு ஸ்பீக்கருக்கு 20, 30 வாட்ஸ் தாராளம்.

வாட்ஸை இரண்டு மடங்கு ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். நம் காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற வேண்டுமென்றால், வாட்ஸை சுமார் 10 மடங்கு ஆக்க வேண்டும். 20 வாட்ஸுக்கும் 200 வாட்ஸுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான் ப்ரோ!

பெட்டியில் 'பி.எம்.பி.ஓ' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் கண்டுகொள்ளவே வேண்டாம். அதை அளக்கப் பொதுவான வரையறை எதுவும் கிடையாது. 'ஆர்.எம்.எஸ்' என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். அதுதான் தொடர்ந்து தாங்கும் உண்மையான சக்தி.

வில்லன் ஸ்பீக்கர் இல்லை, சுவர்!

ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். 10 அடி என்பது ஏறக்குறைய 3 மீட்டர். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால், 10 அடி இடைவெளியில் இருக்கும் இரண்டு சுவர்கள் 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரும் பேஸைப் பிடித்துவைத்துக்கொண்டு ரீங்காரம் போடும். நீளம் 10, அகலம் 10, உயரமும் 10 என்றால், மூன்று திசையிலும் அதே ஸ்வரம் வந்து குவியும். ரூமில் ஓர் இடத்தில் பேஸ் 'தொம் தொம்' என்று அடிக்கும், இன்னோர் இடத்தில் காணாமலே போகும்.

இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே வரும். குவிந்த பேஸில் அந்தக் கதை கேட்காது, வெறும் இரைச்சல்தான் கேட்கும். இப்படிப்பட்ட ரூமில், பெரிய சப் ஊஃபரை மூலையில் கொண்டுபோய் வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மூலை, பேஸை இன்னும் ஏற்றிவிடும். அதோடு சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவதும் பாடகரின் குரல் அல்ல, இந்த 'தொம் தொம்'தான்.

அப்போ எதை வாங்கலாம்?

கையில் தூக்கிக்கொண்டு போகும் புளூடூத் ஸ்பீக்கர், ஹாஸ்டல்வாசிகளுக்கு வசதி. கரன்ட் போனாலும் பாடும். ஆனால், ஒரே பெட்டிக்குள் இடது, வலது இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஸ்டீரியோ சுகம் கிடைக்காது. சவுண்ட்பார், அடிப்படையில் டி.வி-க்காகச் செய்யப்பட்டது. படம், சீரிஸ்தான் அதிகம் பார்ப்பீர்கள் என்றால் ஓகே.

பாட்டுதான் முக்கியம் என்றால், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஒரு ஜோடி சின்ன 'புக் ஷெல்ஃப்' ஸ்பீக்கர் நல்ல சாய்ஸ். ஊஃபர் 4 அல்லது 5 இன்ச் போதும். காற்று வெளியேறும் துளை முன்பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் துளை உள்ளதைச் சுவரில் ஒட்டிவைத்தால் பேஸ் வீங்கிவிடும்.

முடிந்தால் கடைக்குப் போய், நன்றாகத் தெரிந்த இரண்டு, மூன்று பாடல்களைப் போட்டுக் கேளுங்கள். குறைந்த வால்யூமில் கேட்பது ரொம்ப முக்கியம். ராத்திரி 11 மணிக்கு உங்கள் ரூமில் அப்படித்தானே கேட்கப்போகிறீர்கள்? ஆன்லைன் என்றால், ரிட்டர்ன் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காசே செலவில்லாத அப்கிரேடு

இரண்டு ஸ்பீக்கர், உங்கள் தலை, மூன்றும் ஒரு சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். பக்கத்துக்கு 1 மீட்டர் இருந்தால்கூடப் போதும். டுவீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். மூலையைத் தவிர்த்துவிடுங்கள். மெத்தை, திரைச்சீலை, துணி தொங்கும் ஹேங்கர் எல்லாம் எதிரொலியைக் குடிக்கும். முட்டை டிரே ஒட்டுவது மட்டும் வேண்டாம். அது பேஸையும் அடக்காது, பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தையும் தடுக்காது.

லாஸ்லெஸ் சந்தா கட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கமான புளூடூத்தில் அனுப்பும்போது பாட்டு மறுபடி சுருக்கப்பட்டுத்தான் போகும். ஸ்பாட்டிஃபையே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. வயரிலோ, வைஃபையிலோ இணைத்தால்தான் முழுப் பலன். அப்போதும்கூட, லாஸ்லெஸ் தரும் வித்தியாசத்தைவிட, ஸ்பீக்கரை இடம் மாற்றிவைப்பது தரும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

காது திரும்பக் கிடைக்காது

100 கோடிக்கும் அதிகமான இளைஞர்கள், பாதுகாப்பில்லாமல் பாட்டு கேட்பதால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சொல்லும் வரம்பு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்! உள்காதின் முடிச்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. இது ஹெட்போனுக்கு மட்டுமல்ல, சின்ன ரூமில் பெரிய ஸ்பீக்கர் வைப்பவர்களுக்கும் பொருந்தும்.

சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். சட்டத்தை விடுங்கள், 11 மாத அக்ரிமென்ட் முடியும்போது ஹவுஸ் ஓனர் மனசில் நம்மைப் பற்றி என்ன நினைப்பு இருக்கும் என்பதும் யோசிக்கவேண்டிய விஷயம்தானே?

அதனால, கார்ட்டில் கிடக்கும் அந்த 200 வாட்ஸ் இன்னும் ரெண்டு நாள் அங்கேயே கிடக்கட்டும். முதல்ல ஒரு இன்ச் டேப் எடுத்து ரூமை அளந்து பாருங்க. மிச்சமாகும் காசுல ஒரு நல்ல திரைச்சீலை வாங்கலாம்!